கன்னத்தில் இருப்பவர்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இரண்டு பெயர் உண்டு. அடையாள அட்டையில் இருப்பது ஒன்று, டீ நேரத்தில் புழங்குவது ஒன்று. தாடி சார் தாடியை எடுத்துப் பல வருஷமாகிறது. முகம் இப்போது மழுமழுவென்று இருக்கிறது. ஆனாலும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட அவரைத் தாடி சார் என்றுதான் சொல்கிறார்கள், ஏன் என்று கேட்பதும் இல்லை. ஒருமுறை வைத்த பெயர் லேசில் போகாது என்று தெரிந்துகொள்ள அந்தக் கட்டடத்தில் யாரும் உயிரினங்களுக்குப் பெயரிடும் விதிநூலைப் புரட்ட வேண்டியதில்லை, அவரைப் பார்த்தாலே போதும்.

சின்ன மேடத்தின் கதையும் அப்படித்தான். முன்பு அங்கே ஒரு பெரிய மேடம் இருந்தார். அவர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், தலை பாதி நரைத்த பிறகும், இவள் சின்ன மேடமாகவே நின்றுவிட்டாள். கடலில் திரியும் பொடி இறால்களையும் அவற்றின் தூரத்துச் சொந்தங்களையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இது இன்ன இனம் என்று சொல்வது அவள் வேலை. இதுவரை யாரும் பார்க்காத இனமாக இருந்தால் அதற்குப் பெயர் வைப்பது. காலில் ஒரு முள் கூடுதலா, மூக்கு நுனியில் ஒரு பல் குறைவா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வாள். வீட்டுக்காரர் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றால் கண்ணில் படாது. இறால் காலில் ஒரு ரோமம் இடம் மாறியிருந்தால் உடனே பட்டுவிடும்.

அன்று காலையில் அவள் ஜாடியிலிருந்து ஓர் இறாலை எடுத்துத் தட்டில் கிடத்தினாள். சுண்டுவிரல் நகத்தளவு இறால். அதன் ஒரு பக்கக் கன்னம் மட்டும் புடைத்திருந்தது, மிட்டாயை ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை மாதிரி. ஊசியால் கன்னத்தின் மேலோட்டை மெல்ல நீக்கிப் பார்த்தாள். உள்ளே, இறால் மூச்சு விடும் செவுளின் மேல், சப்பையாக, கோணலாக, கண்ணே இல்லாமல் ஒன்று உட்கார்ந்திருந்தது. கால்கள் எல்லாம் வெறும் கொக்கிகள். அதன் அடிவயிற்றில் எள் அளவுக்கு இன்னொன்று ஒட்டியிருந்தது. பெரியது பெண், எள்ளளவு இருப்பது அதன் ஆண். பெரியது இறாலைப் பிடித்துக்கொண்டிருக்கும், சின்னது பெரியதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த வகை ஒட்டுண்ணிகள் அவளுக்குப் புதிதல்ல. குஞ்சாக இருக்கும்போதே இறாலின் கன்னத்துக்குள் புகுந்து, அதன் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே சொகுசாக வளரும். இறாலைக் கொல்லாது. இறால் பாட்டுக்கு நீந்தும், இரை தின்னும், வாழும். முட்டை மட்டும் போடாது. ஆனால் இந்த இன இறாலின் கன்னத்தில் இப்படி ஒன்று இருப்பதை இதுவரை யாரும் கண்டதில்லை. கொக்கிகளின் வளைவையும் வால் பக்கத்து மடல்களையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். சந்தேகமே இல்லை, புது இனம்.

சந்தோஷம் வருவதற்கு முன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நல்ல சிரிப்பு இல்லை.

ஏனென்றால் அந்த இறால் சாதாரண இறால் இல்லை. அது அவளுடைய இறால். தாடி சாரிடம் அவள் மாணவியாக இருந்த காலத்தில், வலையில் வந்த குப்பைக் குவியலிலிருந்து அவள்தான் அதைப் பொறுக்கி எடுத்தாள். இது வேறு இனம் என்று முதலில் சொன்னவள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் தனித்தனியாகக் கழற்றி வரைந்தவளும் அவள். நடுவில் பிரசவத்துக்காக விடுப்பில் போனாள். கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது கட்டுரை அச்சாகி மேஜையில் கிடந்தது. எழுதியவர் தாடி சார், அவர் மட்டும். கடைசிப் பக்கத்தில், ‘படங்கள் வரைய உதவியவருக்கு நன்றி’ என்று ஒரு வரி. அந்த வரிதான் இவள். இறாலுக்கு அவர் வைத்திருந்தது தன் மனைவியின் பெயரை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் உயிரின் பெயரை முழுதாக எழுதும்போது, அதற்குப் பெயர் வைத்தவரின் பெயரையும் பின்னாலேயே எழுதுவார்கள். உலகத்தில் எவன் எங்கே அந்த இறாலைப் பற்றி எழுதினாலும் முதலில் அந்த அம்மாள் பெயர் வரும், அடுத்து தாடி சார் பெயர் வரும். புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்துக்கொண்டு நடப்பார்கள். ஒவ்வொரு முறை அதைப் படிக்கும்போதும் சின்ன மேடத்துக்கு வயிறு எரிந்தது. அதன் பிறகு பல வருஷங்கள் அவளால் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் எழுத முடியவில்லை. இறால் நீந்தியது, தின்றது, முட்டை மட்டும் போடவில்லை என்று தன்னைப் பற்றி இப்போது நினைத்துக்கொண்டாள்.

எனவே அந்த ஒட்டுண்ணிக்கு என்ன பெயர் வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. தாடி சாரின் இயற்பெயரை எடுத்து, லத்தீன் முறைப்படி வாலில் ஓர் ‘இ’ சேர்த்தாள். பெயர் தயார். ஏன் இந்தப் பெயர் என்று கட்டுரையில் காரணம் சொல்ல வேண்டும். ‘இந்த இறாலோடு இவருக்குள்ள நெருங்கிய, நீண்டகாலத் தொடர்பைப் பாராட்டும் வகையில்’ என்று எழுதினாள். படிக்கிறவனுக்குப் பாராட்டு. விஷயம் தெரிந்தவனுக்கு வேறு. அந்த ஒரு வாக்கியத்தை மெருகேற்ற அவள் ஒரு மத்தியானம் முழுவதும் செலவழித்தாள் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. அடுத்த மேஜையில் நண்டுகளைப் பார்க்கிற நண்டக்கா இருந்தாள். ரகசியம் அவள் காதில் போனால் மாடிப்படி இறங்குவதற்குள் காவல்காரருக்குத் தெரிந்துவிடும்.

“தாடி சார் பேரயா வெச்சிருக்கே?” என்றாள் நண்டக்கா. “அந்த மனுஷன் உனக்குப் பண்ணினதுக்கு நீ பதிலுக்கு மரியாதை வேற பண்றியா?”

“என்ன பிராணின்னு வந்து பாரு.”

நண்டக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். நண்டுகளிலும் இந்தச் சனியன் ஒட்டும் என்பதால் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. “அடிப்பாவி,” என்றாள். குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறி மூக்கு வழியாக வந்தது.

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் சிரித்தது. தாடி சாருக்கு இரண்டாவதாக ஒரு பட்டப்பெயரும் விழுந்தது. கன்னத்தில் இருப்பவர். அவர் நடைபாதையில் போனால், பின்னால் வருகிறவர்கள் கன்னத்தை நாக்கால் உப்ப வைத்துக் காட்டினார்கள். சின்ன மேடம் அதைப் பார்த்து ரசித்தாள். ரசித்தாள் என்பதை அவள் பிற்பாடு எவ்வளவு முயன்றும் மறக்க முடியவில்லை.

கட்டுரை வெளிவந்தது. அதற்கடுத்த நாள் தாடி சார் அவள் அறை வாசலில் வந்து நின்றார். கையில் கட்டுரையின் பிரதி சுருண்டிருந்தது, முகம் சிவந்திருந்தது. சின்ன மேடம் இந்தக் காட்சியைப் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் கத்துவார், இவள் சாவகாசமாகத் திரும்பி, ‘ஏன் சார், பாராட்டித்தானே எழுதியிருக்கேன்’ என்று கேட்பாள். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் காத்திருந்தது.

அவர் கத்தவில்லை. அவள் மேஜையில் இருந்த இறால் ஜாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நன்றிம்மா,” என்றார். “எனக்குன்னு இதுவரைக்கும் யாரும்...” சுருண்டிருந்த பிரதியை நீவி நேராக்கினார். “வீட்டுல படிச்சுக் காட்டினேன். அவ உன்னப் பார்க்கணும்னு சொல்றா. ஞாயித்துக்கெழம ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ.”

அவர் போன பிறகு நண்டக்கா தலையை நீட்டினாள். “என்ன, கத்தினாரா?”

“நன்றி சொன்னாரு.”

“புரியலையா மனுஷனுக்கு? நிர்வாக சீட்டுல உக்காந்து ஃபைல் பார்த்துப் பார்த்து எல்லாம் மறந்து போச்சா?” நண்டக்கா மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். சின்ன மேடமும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை. பழிவாங்கியாயிற்று என்ற திருப்தி இருக்க வேண்டிய இடத்தில் என்னவோ ஒன்று கிடந்து உறுத்தியது. அடிக்க ஓங்கிய கையை எதிராளி பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனால் அந்தக் கையை என்ன செய்வது? அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில், இவ்வளவு படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துச் சுவரில் கரியால் எழுதுகிற பிள்ளையின் வேலையைச் செய்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

பெயரை மாற்ற முடியாதா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வருஷா வருஷம் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். மனம் புண்படும்படி பெயர் வைக்காதீர்கள் என்று விதிநூல் அறிவுரை சொல்கிறது. வைத்துத் தொலைத்துவிட்டால் அழிப்பதற்கு வழி சொல்வதில்லை. வைத்தவரே வந்து காலில் விழுந்தாலும் பெயர் பெயர்தான்.

“போகாம இருந்திடேன்,” என்றார் வீட்டில் அவள் கணவர். முதல் நாள் இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர்தான் அவரும்.

“போகலன்னா இன்னும் கேவலம்,” என்றாள்.

தாடி சாரின் வீட்டு முன்னறையில் பாதியைத் தையல் இயந்திரம் பிடித்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் நூல் துணுக்குகள். அவர் மனைவி தையல்காரி. தாடி சாரின் தோள் உயரத்துக்கும் வராத குள்ள உருவம், கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா, வாயோரத்தில் ஒரு குண்டூசி. சின்ன மேடம் இத்தனை வருஷமாக அந்தப் பெயரை வெறுத்திருக்கிறாளே தவிர, அந்த மனுஷியைப் பார்த்தது இன்றைக்குத்தான்.

“வாம்மா வா. அக்கான்னே கூப்பிடு. செருப்பெல்லாம் இருக்கட்டும், தரையில ஊசி கெடக்கும்.” குண்டூசியை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டாள். “மொதல்ல இதப் பாரு.”

எதிர்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது, கட்டுரையில் சின்ன மேடம் வரைந்த படம். கறுப்பு மையில் பெரியதாக அந்த ஒட்டுண்ணி, ஓரமாகத் தனியே அந்த எள்ளளவு ஆண். படம் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. தலை கீழே, வால் மேலே. சின்ன மேடத்துக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நியாயமாகத் தாடி சாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு நுணுக்கமான கை உனக்கு,” என்றாள் தையல்காரி. “ஒரு கோடு பிசிறு இல்ல. ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், கோவிச்சுக்காதே. இந்தப் பக்கம் ஒரு சுற்று பெரிசா இருக்கே? எங்கிட்ட இப்படி ஒரு சட்டை வந்தா வெட்டினவன ரெண்டு திட்டு திட்டியிருப்பேன்.”

“அது அப்படித்தான் அக்கா இருக்கும். ஒரு பக்கமா வளர்றது.”

“ஏன் ஒரு பக்கமா?”

சின்ன மேடம் தாடி சாரைப் பார்த்தாள். அவர் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்குவதில் முனைப்பாக இருந்தார்.

“இருக்கிற இடம் அப்படி. இடத்துக்கு ஏத்த மாதிரி வளைஞ்சுக்கும்,” என்றாள். அது உண்மைதான். இறாலின் கன்னம் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படி அதுவும் வளைந்துகொள்ளும்.

“இவரும் அப்படித்தான்,” என்றாள் தையல்காரி, கணவரைச் சாடையாகக் காட்டி. பிறகு அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவினாள். “கொஞ்சம் எழுந்து நில்லு. கையத் தூக்கு. ஒண்ணுமில்ல, ஒரு அளவு எடுத்துக்கிறேன். எதுக்குன்னு கேக்கக் கூடாது.”

நாடா மார்பைச் சுற்றி வந்தது. தையல்காரியின் தலை அவள் மோவாய்க்குக் கீழே அசைந்தது. ஓடிப் போகவும் முடியாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. அந்த நிலையில்தான் அடுத்த கேள்வி வந்தது.

“அந்த இறாலுக்கு என் பேருதான், உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் அக்கா.”

“இப்போ இவரு பேரு வெச்ச இந்தப் பூச்சி அந்த இறால்லதான் இருக்காமே? இவரு சொன்னாரு. தெரிஞ்சேதான் நீ இப்படிப் பண்ணியிருக்கே. வேற யாருக்கும்மா இப்படித் தோணும்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவரு எனக்கு ஒரு பூ வாங்கித் தந்தவரில்ல, இறாலக் காட்டி ஏமாத்தினவரு. இனிமே ரெண்டு பேரும் பிரியவே முடியாது, இல்ல?”

“முடியாது,” என்றாள் சின்ன மேடம்.

“அது எங்க இருக்கும், அந்த இறால்ல? வயித்துலயா?”

பொய் சொல்லலாம். பொய் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் வாழ்நாள் முழுக்க எது எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் முந்திக்கொண்டது. “கன்னத்துல,” என்றாள்.

தையல்காரியின் கை நாடாவை விட்டுவிட்டுத் தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. அந்த வயதான முகம் சிவந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “போம்மா,” என்றாள் மெதுவாக. “அங்க என்ன பண்ணும்?”

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று சின்ன மேடத்துக்கு அன்றுதான் விளங்கியது. நடைபாதையில் கன்னத்தை உப்ப வைத்துக் காட்டியவர்கள் எல்லோரும் வரிசையாக அவள் கண் முன்னால் வந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் சிரித்துக்கொண்டு தானும் நின்றாள்.

“துணையா இருக்கும் அக்கா,” என்றாள். “கடைசி வரைக்கும் விட்டுப் போகாது.”

“பார்த்தீங்களா?” என்றாள் தையல்காரி கணவரிடம். அவர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். டம்ளரில் தண்ணீர் தீர்ந்த பிறகும் அவர் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.

கிளம்பும்போது இன்னொன்றையும் காட்டினாள். தாடி சாருக்குப் புதுச் சட்டை. ஓய்வு பெறும் விழாவுக்காகத் தைத்தது. பையின் மேல் கறுப்பு நூலில் அந்த ஒட்டுண்ணி. ஒவ்வொரு கொக்கியும், ஒவ்வொரு மடலும், கோணல்கூடத் தப்பாமல் இருந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் மேடையில் நிற்பார். எதிரில் ஆய்வுக்கூடம் முழுக்க உட்கார்ந்திருக்கும், முன்வரிசையில் இந்த அம்மாளும். பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு சிரிப்பு தப்பி வந்தால் போதும், ஏன் என்று இவள் கேட்பாள், யாராவது சொல்வார்கள்.

தாடி சார் படியிறங்கித் தெரு வரைக்கும் கூட வந்தார். கதவு சாத்தும் சத்தம் மேலே கேட்டதும் நின்றார்.

“நல்லா சமாளிச்சே,” என்றார்.

அவள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

“நானும் ஒரு காலத்துல இதே பொழப்பு பார்த்தவன்தானே. கன்னத்துல என்ன இருக்கும், அது என்ன பண்ணும்னு தெரியாதா? முதல் வாசிப்புலயே புரிஞ்சுது. உன் ரூமுக்குச் சண்டை போடத்தான் வந்தேன்.” தெருவில் போன சைக்கிளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். “உன் மேஜையில அந்த இறால் ஜாடி இருந்தது. அதப் பார்த்ததும் எந்த வாயால சண்டை போடுறதுன்னு ஆயிடுச்சு.”

“சார், நான்...”

“இரு. அது உன் இறால். எனக்கு அப்போ பயம். அவ்வளவு வருஷம் இந்த வேலையில இருந்தும் ஒரு உயிருக்குக்கூட நான் பேர் வெச்சதில்ல. பேர் வெக்காமயே போயிடுவேனோன்னு பயம். பயத்துல திருடினேன். வேற பேரு அதுக்கு இல்ல.” வெற்று மோவாயைத் தடவிக்கொண்டார், இன்னும் தாடி இருக்கிற நினைப்பில். “நீ என்னைக்காவது திட்டுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். திட்டிட்டே. சரியாப் போச்சு.”

“சரியாப் போகல சார். நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்.”

“தெரியும். கன்னத்த உப்பிக் காட்டுறானுங்க. கண்ணாடிக் கதவுல தெரியுதே.” அவர் சிரிக்கப் பார்த்தார். “எனக்கு அது வேணும்தான். ஆனா அவ என்ன பண்ணினா? கட்டுரை வந்தன்னைக்கு, ‘என்னவோ உங்க பேரு போட்டிருக்கே’ன்னு அவதான் முதல்ல எழுத்துக்கூட்டிப் பார்த்தா. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அழ ஆரம்பிச்சுட்டா, சந்தோஷத்துல. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “படம் தலைகீழா மாட்டியிருக்கு சார்,” என்றாள்.

“அவ மாட்டினது. நேரா மாட்டினா மட்டும் அது என்ன ஆயிடப் போகுது?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்காக ஒண்ணும் வேண்டாம். விழா அன்னைக்கு அவளுக்குத் தெரியாம பார்த்துக்க. அது உன்னால முடியும், அவங்க எல்லாரும் உன் பேச்சுக்குத்தான் சிரிச்சாங்க.”

திங்கட்கிழமை அவள் நண்டக்காவிடம் போய், “அந்த விஷயத்த விட்டுடலாம்,” என்றாள். நண்டக்கா சரி என்று தலையாட்டினாள். ஆனால் கிளப்பிவிட்ட சிரிப்பை நிறுத்து என்று சொன்னால் இன்னும் இரண்டு பேர் கூடுதலாகச் சிரிக்கிறார்கள். எல்லோரிடமும் தனித்தனியே போய்ச் சொன்னாள். சொல்லும் ஒவ்வொரு முறையும், இதை ஆரம்பித்தவள் நீதானே என்று அவர்கள் கண் கேட்டது. ஒருவன் வாய்விட்டே கேட்டான். செய்ததைவிட, செய்ததை மூடச் சொல்லிக் கெஞ்சுவது இன்னும் கூசியது.

விழா நாளில் கூடம் நிறைந்திருந்தது. தாடி சார் அந்தச் சட்டையில் மேடையில் உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் ஒருவன் நெஞ்சில் கை வைத்துப் பையைச் சுட்டிக் காட்டினான், பக்கத்தில் இருந்தவன் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது. நண்டக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் தையல்காரி நல்ல உடுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். புது இனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டியவள் சின்ன மேடம்தான்.

அவள் மேடைக்குப் போக எழுந்தபோது தையல்காரி ஓடி வந்து வழிமறித்தாள். கையில் ஒரு பொட்டலம். “இரு, இரு. இதப் போட்டுக்கிட்டுப் போ. இதுக்குத்தான் அன்னைக்கு அளவெடுத்தேன்.”

பிரித்தால் ஒரு வெள்ளை லேப் கோட். தினமும் வேலைக்குப் போட்டுக்கொள்வது போன்றதுதான், ஆனால் நல்ல துணி, நெருக்கமான தையல். பையின் மேல் கறுப்பு நூலில் சின்னதாக ஒன்று இருந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

“பெரிசு அவருக்குப் போட்டேன். பக்கத்துல குட்டியா ஒண்ணு வரைஞ்சிருந்தியே, அது உனக்கு,” என்றாள் தையல்காரி. “அவர்கிட்ட படிச்ச பிள்ளைதானே நீ. கூடவே இருக்கட்டும்னு தோணுச்சு.”

அந்தக் கூடத்தில் அந்தக் குட்டி என்ன என்று தெரியாதவள் அதைத் தைத்தவள் ஒருத்திதான். மேடையில் தாடி சார் பாதி எழுந்துவிட்டார். “அது இருக்கட்டும், அப்புறமா போட்டுக்கட்டும்,” என்றார் மனைவியிடம், பதற்றமாக. சின்ன மேடம் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். கோட்டை உதறி, கைகளை நுழைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். பிறகு மேடைக்குப் போய் அவருக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றாள்.

பின்வரிசையில் தோள்கள் குலுங்குவது நின்றுவிட்டது. நண்டக்கா கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

“இந்தப் பேர வெச்சது நான்,” என்றாள் சின்ன மேடம். பேசுவதற்காக எழுதி வைத்திருந்தது எதுவும் நினைவில் இல்லை. “சாரோட பேருக்குப் பின்னாலேயே இனிமே என் பேரும் வரும். ரெண்டையும் யாரும் பிரிக்க முடியாது. இதுல பெரிசு எது, ஒட்டிக்கிட்டு இருக்கிற சின்னது எதுன்னு இங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவ்வளவுதான்.”

முதலில் கைதட்டியது தையல்காரி. மற்றவர்கள் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. தாடி சார் தன் சட்டைப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். ஜெயித்த மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை. பெயர் அங்கேயேதான் இருந்தது, அச்சில், அவள் மெருகேற்றிய அந்த வாக்கியத்தோடு.

கீழே இறங்கியதும் தையல்காரி அவளைத் திருப்பி நிறுத்திக் காலரைச் சரிசெய்தாள். தோளில் ஒரு நூல் பிசிறைக் கண்டு, பல்லால் கடித்து எடுத்தாள்.

“அளவு சரியா இருக்கா? எங்கயும் பிடிக்கலையே?”

“சரியா இருக்கு அக்கா,” என்றாள் சின்ன மேடம். உண்மையிலேயே கச்சிதமாக இருந்தது.